கட்டி தெரிந்தது, வலிக்குக் காரணம் தெரிந்ததா?

அடிவயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்துக்கொண்ட பெண்ணின் கைக்கு வரும் ரிப்போர்ட் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். கர்ப்பப்பையின் நீள அகலம், அதன் உட்சுவரின் தடிமன், இரண்டு சினைப்பைகளின் அளவு, பிறகு ‘வலது சினைப்பையில் 3.4 × 2.9 செ.மீ. அளவில் சாதாரண நீர்க்கட்டி’ என்பது போல ஒரு வரி. எல்லோர் கண்ணும் அந்த வரியில்தான் போய் நிற்கும். அதற்குக் கீழே, டாக்டரின் கையெழுத்துக்குச் சற்று மேலே, நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இன்னொரு வரி அச்சாகியிருக்கும். எல்லா ரிப்போர்ட்டிலும் வருவதாலேயே அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் மருத்துவ ரீதியில் மிகக் கனமான வரி அதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். வலியும் கட்டியும் ஒரே வயிற்றில் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததாலேயே வலிக்குக் காரணமே இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் எதிரெதிரான தவறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: படத்தை நம்பும் அளவுக்கு, வலியோடு வந்து நிற்பவர் சொல்வதை நாம் நம்புவதில்லை.

முதலில் கட்டியை எடுத்துக்கொள்வோம். மாதவிடாய் வரும் வயதில் சினைப்பையின் வேலையே சிறு நீர்ப்பைகளை வளர்ப்பதுதான். ஒவ்வொரு மாதமும் பல சிறு பைகள் வளரத் தொடங்கி, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு சுமார் 2 செ.மீ. வரை பெரிதாகி, உடைந்து, சினைமுட்டையை வெளியே விடுகிறது. உடைந்த பை மூடிக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் ஹார்மோன் சுரக்கிறது. அதற்குள்ளும் நீரோ ரத்தமோ தேங்கலாம். எந்த நாளில் ஸ்கேன் எடுத்தாலும் இந்த நாடகத்தின் ஏதோ ஒரு காட்சி படத்தில் பதிவாகிவிடும். சில மாதங்களில் பை உடையாமல் தொடர்ந்து வளரும், அல்லது உடைந்த பை சுருங்காமல் நின்றுவிடும். ரிப்போர்ட்டில் ‘ஃபங்ஷனல் சிஸ்ட்’ என்று வருவது பெரும்பாலும் இதுதான். இவற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுற்றுக்குள் தானாகவே வற்றிவிடுகிறது. ‘கட்டி கரைய’ என்று கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் 8 ஆய்வுகளில் 686 பெண்களின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களுக்கும் கட்டி மறைவதில் வித்தியாசம் இல்லை என்றே கண்டது. அந்த மாத்திரை புதிய முட்டை வளர்வதைத் தடுக்கும். மாதவிடாய் வலிக்கும் உதவும். ஏற்கெனவே வந்துவிட்ட கட்டியைக் கரைப்பது அதன் வேலை இல்லை.

எவ்வளவு பேருக்கு இப்படிக் கட்டி இருக்கிறது என்பது இந்த வாதத்துக்கு முக்கியமான கேள்வி. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்தால்தான் அதற்கு நேர்மையான விடை கிடைக்கும். அப்படிச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு ஒன்றில், 55 வயதைத் தாண்டிய 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் முதல் ஸ்கேனிலேயே 14 சதவீதம் பேருக்குச் சாதாரண நீர்க்கட்டி இருந்தது. மாதவிடாய் நின்ற வயதிலேயே இந்த நிலை. பல காரணங்களுக்காக ஸ்கேன் எடுக்க வந்த 72,093 பெண்களைப் பற்றி 2019-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில், 50 வயதுக்குக் குறைந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சாதாரண நீர்க்கட்டி காணப்பட்டது. வலி இல்லாதவர்களிடமும் இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்று, வலி உள்ளவரிடம் இருப்பதாகக் கண்டால் அதிலிருந்து அதிகமாக எதையும் முடிவு செய்ய முடியாது. தலைவலி என்று வந்தவரின் தலையில் நரை இருப்பதைப் பார்த்து, நரைதான் காரணம் என்று சொல்வதற்கு நிகரான தர்க்கம் அது. நரை நிஜம், தலைவலியும் நிஜம்; இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

அப்படியானால் கட்டி வலியே தராதா என்று கேட்கலாம். தரும், சில கட்டிகள், சில சூழ்நிலைகளில், கடுமையாகவே தரும். எப்போது என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளுறுப்புகளுக்கு வலி எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். தோலைப் போல அவை வெட்டுக்கும் சூட்டுக்கும் வலிப்பதில்லை. திடீரென இழுபட்டால் வலிக்கும், ரத்த ஓட்டம் நின்றால் வலிக்கும், அழற்சி ஏற்பட்டால் வலிக்கும். மெல்ல மெல்ல வளரும் கட்டிக்குச் சினைப்பையின் உறை தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதனால்தான் 10 செ.மீ. கட்டி எந்த வலியும் இல்லாமல் வேறு ஏதோ பரிசோதனையில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அதே உறைக்குள் ஒரே நாளில் ரத்தம் கசிந்து தேங்கினால், 4 செ.மீ. கட்டிகூட ஆளைச் சுருண்டு படுக்க வைத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. சினைப்பையிலிருந்து கிளம்பும் நரம்புகள் முதுகுத்தண்டில் போய்ச் சேரும் மட்டத்தில்தான் தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் சேர்கின்றன. குடல்வாலின் நரம்புகளும் அதே மட்டம்தான். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை வாய், மலக்குடல் மூன்றும் இன்னும் கீழே வேறொரு மட்டத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த உறுப்பு கூப்பிடுகிறது என்று மூளையாலேயே துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. ‘இங்கேதான் வலிக்கிறது’ என்று கை வைக்கும் இடத்துக்கு நேர் உள்ளே கட்டி இருக்கிறது என்பதும் முழுச் சான்றாகாததற்குக் காரணம் இதுதான்.

கட்டியால் வரும் அவசரங்களில் மறக்கக் கூடாதது சினைப்பை முறுக்கிக்கொள்வது. பெரிய கட்டியின் எடையால், குறிப்பாக 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில், சினைப்பை தன் ரத்தக் குழாய்த் தண்டோடு திருகிக்கொள்ளும். வலி ஒரு பக்கமாகத் திடீரெனத் தொடங்கும், கூடவே வாந்தி வரும். சில சமயம் முறுக்கு தானாக அவிழ்ந்து வலி விட்டு, மீண்டும் பிடிக்கும். ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது மகப்பேறு மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. இங்கேயும் படத்தைவிட வலியின் வரலாறுதான் முந்திப் பேசுகிறது. நேரத்தோடு திறந்து முறுக்கை அவிழ்த்தால், கறுத்துப்போனது போலத் தெரியும் சினைப்பைகூடப் பெரும்பாலும் உயிர் பிழைக்கிறது. மயக்கம், தோள்பட்டைக்கு ஏறும் வலி, காய்ச்சல், மாதவிடாய் தள்ளிப்போன பின் வரும் ஒருபக்க வலி ஆகியவையும் அதேபோல அவசரமானவை. கடைசியாகச் சொன்னதில் கருக்குழாயில் தங்கிய கர்ப்பமா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனைதான் முதல் வேலை. இந்த அத்தியாயம் முழுக்கப் பொறுமையைப் பற்றிப் பேசினாலும், மேலே சொன்ன அறிகுறிகளில் பொறுமைக்கு இடமே இல்லை.

ஸ்கேனைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமில்லை. இந்தக் கருவி மகளிர் மருத்துவத்துக்குள் நுழைந்ததே இத்தகைய கட்டிகளின் வழியாகத்தான். 1955-ல் கிளாஸ்கோ நகரத்தின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே வைத்திருந்த மீயொலிக் கருவியில், நார்க்கட்டி ஒருவிதமாகவும் நீர்க்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலி தந்தன. பிறகு, வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வீங்கிய வயிற்றில் அவர் கருவியை வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி. அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958-ல் டொனால்டும் ஜான் மக்விகாரும் பொறியாளர் டாம் பிரவுனும் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, வயிற்றிலுள்ள கட்டிகளை ஒலி அலையால் ஆராய்வதைப் பற்றியது. அங்கே எழுந்த கேள்வியைக் கவனியுங்கள்: உள்ளே இருப்பது என்ன, நீரா, சதையா? அந்தக் கேள்விக்கு இந்தக் கருவிக்கு ஈடு கிடையாது. ‘இந்தப் பெண்ணுக்கு ஏன் வலிக்கிறது?’ என்பது வேறு கேள்வி. அதையும் அதே கருவியிடம் கேட்டு, முதல் கேள்விக்கான விடையையே இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் தடம் புரள்கிறது.

எதிர்த்திசைத் தவறு இதைவிடக் கொடியது என்பது என் கருத்து. ஏனென்றால் அது பெண்ணை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் நோயில், கர்ப்பப்பையின் உட்சுவரை ஒத்த திசு அதற்கு வெளியே, வயிற்றின் உள்ளுறை மீதும் சினைப்பையிலும் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் அருகிலும் வளர்கிறது. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலக அளவில் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் ‘சாக்லேட் கட்டி’யை அனுபவமுள்ளவர் ஸ்கேனிலேயே அடையாளம் கண்டுவிடுவார்; உறுப்புகளுக்குள் ஆழமாக இறங்கிய திசுக்களையும் தேடினால் காணலாம். ஆனால் உள்ளுறை மீது சில மில்லிமீட்டர் அளவில் தெளித்தாற்போலப் படிந்திருக்கும் புள்ளிகள் ஸ்கேனில் பெரும்பாலும் சிக்குவதில்லை. அந்தப் பெண்ணின் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றுதான் வரும். 2022-ல் வெளியான ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி, ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் இந்நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது எனத் தெளிவாகவே சொல்கிறது. வலி தொடங்கியதிலிருந்து நோய்க்குப் பெயர் கிடைக்கும் வரை பல நாடுகளில் ஏழு முதல் பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. ஒரு பள்ளி மாணவி கல்லூரி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் ஆகிவிடக்கூடிய காலம் அது.

படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு வலி இருக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. இத்தாலியில் 1,054 பெண்களிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சையின்போது கண்ட நோயின் நிலைக்கும் அவர்கள் சொன்ன வலியின் கடுமைக்கும் இருந்த தொடர்பு மிகவும் பலவீனமானது. நாலாம் நிலை நோயோடு வலியே இல்லாதவர்களும் உண்டு, முதல் நிலையில் துடிப்பவர்களும் உண்டு. ‘வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்’ என்று நம் வீடுகளில் தள்ளிவிடப்படும் பெண் பிள்ளைகளின் வலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அடிவயிற்று வலிக்காக லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் அறுவை, செய்யப்பட்ட வளரிளம் பெண்களைப் பற்றிய ஆய்வுகளை 2013-ல் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் 62 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. அறுவை சிகிச்சை வரை போகும் அளவுக்கு வலித்தவர்கள் அவர்கள். எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைப் பொருத்தக் கூடாது. ஆனால் வலி மாத்திரையை வேளைக்குச் சாப்பிட்டும் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வைக்கும் வலியை ‘இயல்பு’ என்ற சொல்லால் மூடிவிட முடியாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

கட்டியும் இல்லை, எண்டோமெட்ரியோசிஸும் இல்லை என்றால் தேட இன்னும் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்பக் கூடி, சிறுநீர் கழித்ததும் தணியும் வலி சிறுநீர்ப்பையைக் காட்டுகிறது. மலம் கழிப்பதோடு கூடிக் குறைந்து, மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருவது குடலைக் காட்டுகிறது. முப்பது நாற்பது வயதுகளில் ரத்தப்போக்கும் வலியும் சேர்ந்து கூடினால், கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே அதன் உட்திசு புதைந்திருக்கும் அடினோமயோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். நம் நாட்டில் காசநோய் இடுப்புக்குழிக்கும் இறங்கும் என்பதை மறந்துவிட முடியாது. இவை தவிர, வயிற்றுச் சுவரே வலிக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். 1926-ல் ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் கார்னெட் விவரித்த சோதனை இது: நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, வலிக்கும் புள்ளியை ஒரு விரலால் அழுத்த வேண்டும். விரலை எடுக்காமலே, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் மேலே தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகி உள்ளே இருப்பவற்றுக்குக் கவசமாகிவிடும். அப்போது வலி குறைந்தால் ஊற்று உள்ளே. கூடினால் சுவரிலேயே, தசையிலோ அதன் ஊடே வரும் நரம்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அரை நிமிடம்கூட ஆகாது. சிசேரியன் தழும்பின் ஓரத்தில் நரம்பு சிக்கி வலிக்கும் பெண்ணுக்கு, மூன்று முறை எடுத்த ஸ்கேன் சொல்லாததை இந்த ஒரு விரல் சொல்லிவிடக்கூடும்.

வலி என்பது ஆளுக்கு ஆள் மாறுவது, அளக்க முடியாதது, அதை நம்பி எப்படி முடிவெடுப்பது என்று கேட்கலாம். கடுமையை அளப்பது கடினம்தான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கக் கடுமையைவிட வடிவம் முக்கியம்: எந்த நாளில் தொடங்குகிறது, எதோடு கூடுகிறது, எதோடு தணிகிறது, தாம்பத்தியத்தின்போது வலிக்கிறதா, மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா. இவற்றுக்கான விடைகளைத் தேதி போட்டு எழுதி வைக்கலாம், மாதத்தோடு மாதத்தை ஒப்பிடலாம், சந்தேகம் வந்தால் மீண்டும் கேட்கலாம். சான்று என்ற பெயருக்கு இவை முழுத் தகுதியுள்ளவை. படம்தான் புறவயமானது என்ற எண்ணத்திலும் ஓட்டை உண்டு. ஸ்கேன் செய்பவரின் கையையும் பயிற்சியையும் பொறுத்து ஒரே வயிறு இரண்டு விதமான ரிப்போர்ட் தரும். எண்டோமெட்ரியோசிஸைத் தேடச் சொல்லி அனுப்பினால்தான் பலர் அதைத் தேடுவார்கள். ‘அடிவயிற்று வலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பும் சீட்டுக்கும், ‘மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போது கூடுகிறது’ என்று எழுதி அனுப்பும் சீட்டுக்கும் கிடைக்கும் ரிப்போர்ட் ஒன்றாக இருக்காது. வரலாறு சரியாக இருந்தால் ஸ்கேனும் கூர்மையாகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் புற்றுநோய் பற்றிய பயம். எதற்கு வம்பு, எடுத்துவிட்டால் நிம்மதிதானே என்று குடும்பமும் சில சமயம் மருத்துவரும் நினைப்பதில் அக்கறை இருக்கிறது. அதை அலட்சியப்படுத்த முடியாது. சினைப்பைப் புற்றுநோய் தாமதமாகவே வெளித்தெரியும் கொடிய நோய்தான். ஆனால் கேள்வி எந்தக் கட்டி என்பது. மேலே சொன்ன 72,093 பெண்களின் ஆய்வில், சாதாரண நீர்க்கட்டி இருந்த 50 வயதுக்குட்பட்டவர்களில் ஒருவருக்குக்கூடப் பின்னர் சினைப்பைப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை. தீங்கற்றவை போலத் தெரிந்த கட்டிகளோடு அறுவை சிகிச்சை இல்லாமல் கண்காணிக்கப்பட்ட 1,919 பெண்களைப் பற்றிப் பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று 2019-ல் வெளியிட்ட முடிவில், இரண்டாண்டுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 0.4 சதவீதம், முறுக்கிக்கொண்டவை 0.4 சதவீதம், உடைந்தவை 0.2 சதவீதம், தானாக மறைந்தவை 20 சதவீதம். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய் எதிலும் அந்த அளவு ஏறும். வயிற்றுக் காசநோயோடு நீர் கோத்து, சிஏ-125 எகிறி, புற்றுநோய் என்று நினைத்து வயிற்றைத் திறந்த நிகழ்வுகள் நம் நாட்டின் மருத்துவ இதழ்களுக்குப் புதியவை அல்ல. இளம் பெண்ணுக்குச் சாதாரண நீர்க்கட்டி இருக்கும்போது இந்தச் சோதனை தெளிவைவிடப் பயத்தையே அதிகம் தரும்.

தேடித் தேடிப் பார்த்தால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையும் முறையாகச் சோதிக்கப்பட்டுவிட்டது. 78,216 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 பரிசோதனையும் ஸ்கேனும் செய்த அமெரிக்க ஆய்வு 2011-ல் முடிவை வெளியிட்டது. சினைப்பைப் புற்றுநோயால் நேரும் இறப்பு குறையவில்லை. பொய் எச்சரிக்கை கிடைத்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார்கள். அவர்களில் 15 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பெரிய சிக்கல் ஏற்பட்டது. புற்றுநோயே இல்லாத பெண்கள் அவர்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வும் 2021-ல் அதே முடிவுக்கு வந்தது. பயப்பட வேண்டிய கட்டிகள் உண்டு: உள்ளே சதைப்பகுதி இருப்பவை, சுவரில் முளைகள் உள்ளவை, வயிற்றில் நீர் கோத்திருப்பதோடு சேர்ந்து காண்பவை, மாதவிடாய் நின்றபின் வரும் சிக்கலான அமைப்புள்ளவை, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவருக்கு வருபவை. ஐம்பதைத் தாண்டியவருக்குச் சில வாரங்களாக வயிறு உப்பியபடியே இருந்து, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது என்றால் உடனே பார்க்க வேண்டும். பயத்தை எல்லாக் கட்டிகள் மீதும் சமமாகப் பரப்பினால், இந்தச் சிலருக்குச் சேர வேண்டிய அவசரம் நீர்த்துப்போகிறது.

தவறான கணிப்பின் விலையை நம் நாட்டில் பெண்கள் உறுப்புகளாகவே கட்டியிருக்கிறார்கள். வலி, வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு என்று போன பெண்ணிடம் ஸ்கேன் படத்தைக் காட்டி, கட்டி இருக்கிறது, விட்டால் கேன்சராகிவிடும் என்று சொல்லிக் கர்ப்பப்பையை அகற்றுவது பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019-ல் அரசு அமைத்த குழு, 82,309 பெண்களில் 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருப்பதைக் கண்டது. ஒருநாள் வேலையை விட்டாலும் அபராதம் கட்ட வேண்டிய கூலி முறை அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்தது. மருத்துவம் அதற்குத் துணைபோனது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்டதாகப் புகாரான கர்ப்பப்பை அகற்றல்கள் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசின் வழிகாட்டி நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் ஹார்மோனின் பாதுகாப்பை இழக்கின்றன. சாக்லேட் கட்டியை உரித்தெடுக்கும் ஒவ்வொரு அறுவை சிகிச்சையும் அதைச் சுற்றியுள்ள நல்ல முட்டைகளிலும் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. குழந்தைக்காகக் காத்திருப்பவரிடம் அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும். வலிக்குக் காரணம் சிறுநீர்ப்பையோ வயிற்றுச் சுவரோ என்றால், இத்தனையும் போன பிறகும் வலி மட்டும் அப்படியே இருக்கும்.

நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் இவ்வளவு கேட்க எங்கே நேரம் என்று மருத்துவர்கள் சொல்வதை நான் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அது நிஜமான நெருக்கடி. பிரிட்டனின் குடும்ப மருத்துவப் பதிவுகளில், ஓராண்டில் நீடித்த அடிவயிற்று வலியோடு வந்த பெண்கள் ஆயிரத்துக்கு 38 பேர். ஆஸ்துமாவுக்கு 37, முதுகுவலிக்கு 41. அவ்வளவு பொதுவான ஒரு பிரச்சினைக்கு நேரம் ஒதுக்காத அமைப்பு, அந்த நேரத்தை வேறு இடத்தில் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது: திரும்பத் திரும்ப வரும் நோயாளியாக, மூன்றாவது ஸ்கேனாக, ஒன்றும் காணாத லேப்ராஸ்கோபியாக. நீடித்த வலிக்காகச் செய்யும் லேப்ராஸ்கோபிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எந்த நோயையும் காட்டுவதில்லை. நெதர்லாந்தில் 106 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் இன்றும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு பிரிவுக்கு வழக்கப்படி உடல் காரணங்களை முதலில் விலக்கிவிட்டு, லேப்ராஸ்கோபியும் செய்தார்கள். மற்றப் பிரிவில் தொடக்கம் முதலே உடல், மனம், உணவு, சூழல், இயன்முறை சிகிச்சை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். லேப்ராஸ்கோபியை வழக்கமாகச் செய்யவில்லை. ஓராண்டு கழித்து வலி குறைந்தவர்கள் இரண்டாவது பிரிவில்தான் கணிசமாக அதிகம். உடல் நோயை மறந்துவிட்டு எல்லாம் மனசுதான் என்று சொல்வதற்கு இதை யாரும் பயன்படுத்தக் கூடாது. எல்லாக் கேள்விகளையும் முதல் நாளிலேயே கேட்டதால் கிடைத்த பலன் அது.

நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. சினைப்பையை நெருக்கத்தில் காட்டுவது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அது செய்யப்படுவதில்லை. சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனோடு முடிந்துவிடுகிறது. அந்த முடிவின் பின்னால் இருக்கும் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, பெண்ணின் விருப்பமின்றி எந்தப் பரிசோதனையும் கூடாது என்பதிலும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குறைவாகத் தெரியும் வழியில் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று முழுமையாகப் பார்த்ததுபோல எழுதுவது சரியல்ல. எம்.ஆர்.ஐ. இருக்கிறது; மலக்குடல் வழி ஸ்கேனும் இருக்கிறது. இரண்டும் இல்லாத இடத்திலும், வரலாறு எண்டோமெட்ரியோசிஸைச் சுட்டினால் அறுவை சிகிச்சையால் உறுதி செய்யாமலேயே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டி இடம் தருகிறது. மருந்துக்கு வலி தணிந்தால் நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. ஆனால் அந்தப் பெண் ஏழாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பதையே ஒரு பரிசோதனையாக மாற்றவும் முடியும். சாதாரண நீர்க்கட்டிதான், அவசர அறிகுறி எதுவும் இல்லை என்று தெரிந்தபின், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் புதிய முட்டைப்பை பெரிதாக வளர்ந்திருக்காது. பழையதையும் புதியதையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இடைப்பட்ட வாரங்களில் ஒரு நோட்டில் தேதி, வலித்த இடம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அதன் அளவு, ரத்தப்போக்கு இருந்ததா, சிறுநீர் மலம் கழிக்கையில் மாற்றம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று குறித்து வர வேண்டும். கட்டி வற்றி வலியும் விட்டிருந்தால் இரண்டுக்கும் தொடர்பு இருந்திருக்கலாம், சிகிச்சை தேவைப்படாது. கட்டி அப்படியே நின்றால் அது சாக்லேட் கட்டியா, முடியும் கொழுப்பும் அடங்கிய டெர்மாய்டா என்று பார்த்து அறுவை சிகிச்சையைப் பற்றி நிதானமாகப் பேசலாம். கட்டி மறைந்து, நோட்டில் வலி மட்டும் முன்போலவே பதிவாகியிருந்தால், ‘எல்லாம் நார்மல்’ என்று ஃபைலை மூட அது காரணமாகாது. கட்டியின் மீதிருந்த சந்தேகம் அங்கே நீங்கிவிட்டது. மாதவிடாய்க்கு முன்தின வலியா, சிறுநீர்ப்பையா, குடலா, வயிற்றுச் சுவரா என்ற கேள்விகளை அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே நாளில் தொடங்க வேண்டும்.